தேனீப் பாடத்தில் படகோட்டி

ஜனவரி 19, திங்கள்

காலையில் கடும் பனி. அச்சகம் சென்றதும் முதல் வேலை, மறுமொழிக் கடித வரைவு:

"பெருமதிப்பிற்குரிய ஆசிரியை செல்வி அ. கலைவாணி அவர்களுக்கு, மெய்ப்புத் திருத்துநர் ச. ஆரோக்கியமேரி பணிவுடன் வணக்கம் கூறி எழுதிக்கொள்வது. நவம்பர்த் திங்களில் தாங்கள் அன்புகூர்ந்து விடுத்த மடல், அலுவலகத்தில் வேறொரு கோப்பினுள் தவறுதலாகச் சேர்ந்துவிட்டமையால், மறுமொழி அளிக்க இத்துணைக் காலம் தாழ்ந்தது. பொறுத்தருள வேண்டுகிறேன்."

இவ்வளவுதான் வந்தது. 'இத்துணைக் காலம்' நன்றாக அமைந்தது. அடுத்த வரி வரவில்லை. மூன்று முறை எழுந்து தண்ணீர் குடித்தேன்.

அவர் கடிதத்தின் பொருள், பதிவுக்காக: முத்தாபுதுப்பேட்டையில் சிறு தனியார் பள்ளி. ஐந்தாம் வகுப்புக்கு நாங்கள் அச்சிட்டு விற்கும் ஆங்கிலப் பாடநூல். பக்கம் 31இல் பாடம், தேனீக்களைப் பற்றி. தாளைத் திருப்பினால் ப. 32, ஏழு வினாக்கள். ஏழும் வெள்ளத்தில் ஊராரைக் கரைசேர்த்த ஒரு படகோட்டியைப் பற்றி. பாடத்தில் படகோட்டி இல்லை. வினாவில் தேனீ இல்லை. ஆசிரியர்களுக்குத் தனியே கொடுக்கும் விடைக் கையேட்டிலும் படகோட்டியே.

அவர் எழுதியது அப்படியே:

"நான் வேலைக்குப் புதிது. தலைமையாசிரியையிடம் கேட்டேன். கையேட்டில் உள்ளதைப் போர்டில் எழுதிப் போடுங்கள், பரீட்சையில் அதுதான் வரும் என்றார். எழுதிப் போட்டேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பிள்ளைகூட 'யார் மிஸ் இந்தப் படகோட்டி' என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் எதை நடத்த வேண்டும் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்."

நூலின் கடைசிப் பக்கத்தில், 'பிழை காணின் எமக்கு எழுதுக' என்று முகவரியுடன் ஒரு வரி உண்டு. அது நான் சேர்த்த வரி. அதைப் படித்துத்தான் எழுதியிருக்கிறார்.

வாங்க வேண்டியவை: ரவை, மகள் ஏஞ்சலுக்கு ஜியோமெட்ரி பெட்டி, கண்ணாடிக் காம்புக்குத் திருகாணி.

ஜனவரி 20, செவ்வாய்

பனி குறைவு. ஆவடியில் 8.10 மின்வண்டி தவறியது. அடுத்ததில் நின்றபடி அம்பத்தூர் வரை.

நேற்றைய வரைவில் ஒரு பொய். கடிதம் எந்தக் கோப்பிலும் சேரவில்லை. நவம்பரில் உறையைப் பிரித்தவள் நான். படித்தவள் நான். மேசை இழுப்பறையில், பழைய நாட்காட்டிக்கு அடியில் வைத்தவளும் நான்.

மதிய உணவு நேரத்தில் பழைய மெய்ப்புக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ப. 31. கீழே பச்சை மையில், 'பிழையில்லை. ச.ஆ.' பச்சை மை இங்கு என்னுடையது மட்டும்.

உண்மையில் பிழையில்லைதான். இன்றும் எழுத்தெண்ணிப் படித்தேன். காற்புள்ளி உட்பட யாவும் சரி.

நடந்தது இதுவே. ப. 31இல் முன்பு இருந்தது படகோட்டியின் வெள்ளக் கதை. வேறு ஒரு பதிப்பாளரின் நூலிலும் வெள்ளக் கதை இருக்கிறது, மாற்றுங்கள் என்றார் முதலாளி (இனி மு.). நூலின் முகப்பில் 'ஆசிரியர் குழு' என்று இருக்கும். குழு என்பது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் தேனீயை எழுதிக் கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்கு வெளியூர் போய்விட்டார். வினாக்களும் மாற வேண்டுமே என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வந்தது ப. 31 மட்டும், ஒற்றைத் தாள். திருத்தினேன். கையொப்பமிட்டேன். ப. 32ஐ எடுத்து அருகில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று நாள் முழுதும் யோசனை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் சேர்ந்தேன். பெரிய தாள் ஒன்றில் பதினாறு பக்கங்கள் அச்சாகி வரும். பாதி தலைகீழாக, வரிசையின்றி. மடித்த பிறகே வரிசைக்கு வரும். மடிப்பதற்கு முன் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்றேன். பதினேழாம் பக்கத்தை ஒட்டி முப்பத்திரண்டாம் பக்கம் கிடக்கும். ஒரு கதையின் தொடக்கம், பக்கத்திலேயே வேறு கதையின் முடிவு. தொடர்ச்சியைத் தேடினால் மேற்பார்வையாளரிடம் வசவு விழும். ஆகவே சொல்லை மட்டும் பிடித்தேன். ஐந்து ஆண்டுகள். அப்படிக் கற்றதற்காகப் பெருமைப்பட்டவள். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பழக்கம்தான் பச்சை மையில் கையொப்பமிட்டது.

வீட்டில் தக்காளி சாதம். உப்பு கூடிவிட்டது. கணவர் மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

ஜனவரி 21, புதன்

ஏஞ்சலுக்கும் இதே நூல்தான். ஐந்தாம் வகுப்பு. கோவில்பதாகையில், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பள்ளி. சென்ற தேர்வில் அந்தப் பாடத்தில் ஏழுக்கு ஏழு. விடைத்தாளில் பெற்றோர் கையொப்பம் இட்டவள் நானே. அடுத்த வீட்டு அக்காவிடம் காட்டியவளும்.

இன்று மாலை அவள் தலை வாரும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். படகோட்டி ஏன் பரிசை வாங்கவில்லை?

மூச்சு விடாமல்: "தி போட்மேன் ரெஃப்யூஸ்ட் தி கிஃப்ட் பிகாஸ் ஹீ பிலீவ்ட் தட் ஹெல்ப் ஷுட் நாட் பி சோல்ட்."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"அதான் அன்சர்."

"யாருடீ அந்தப் படகோட்டி?"

"தெர்ல மம்மி. அன்சர்ல வருவாரு."

"பாடத்தில் வரமாட்டாரா?"

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பாடம்லாம் மிஸ் ஒரு தடவ படிப்பாங்க, அவ்ளோதான். அப்புறம் அன்சர்தான். ஜடைய இறுக்காத, வலிக்குது."

"பாடத்துல இருப்பது தேனீ, ஏஞ்சல்."

"ஆமா, தேனீ. படம் கூட இருக்கும். அதுக்கு நான் கலர் அடிச்சிட்டேன்."

அவர் பாயில் படுத்தபடியே சிரித்தார். "இன்னா மேரி, ஏழுக்கு ஏழு வாங்கிகினு வந்த புள்ளைய நிக்க வெச்சு விசாரணை பண்ற? சந்தோசப்படேன்."

சந்தோஷப்படத்தான் பார்க்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

மு.விடம் சென்றேன். சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தித் தாளில் குறித்துக்கொண்டே சென்றேன். புதிய கல்வியாண்டுக்கான அச்சு அடுத்த புதன்கிழமை ஓடுகிறது. செவ்வாய் மாலை பிளேட் (அச்சுத் தகடு) தயாராகும். அதற்குள் ப. 32ஐ மாற்ற வேண்டும். விடைக் கையேட்டில் ஒரு திருத்தத் தாள் வைக்க வேண்டும். கடிதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மு. பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். பைண்டிங் மேசையிலிருந்து என்னை எழுப்பி இந்த நாற்காலியில் உட்கார வைத்தவர். அன்று பலர் முணுமுணுத்தார்கள்.

"ஏம்மா மேரி, பக்கம் கழண்டு வந்தா போன் வருது. அட்டை கலர் மாறினா போன் வருது. இதுக்கு ரெண்டு வருஷமா ஒரு போன் வந்துச்சா?"

"இல்லை சார்."

"டீச்சருங்க எல்லாம் இந்த அன்சரை வெச்சு நோட்ஸ் ரெடி பண்ணி வெச்சிருக்காங்க. கொஸ்டின் பேப்பர் அதுல செட் பண்ணிருக்காங்க. நீ மாத்தினாதான் இப்போ போன் வரும். ஏன் மாத்தினீங்கன்னு."

"பாடத்துக்கும் வினாவுக்கும் சம்பந்தமில்லையே சார்."

"யாருக்கு இடிக்குது? உனக்கு மட்டும்தான் இடிக்குது." பிறகு கொஞ்சம் கனிவாக, "நீ ரொம்பப் படிக்கிற. அதான் உன் பிரச்சினை. போய் டீ குடி."

டீ குடித்தேன். ஆறிப்போனது. 'யாருக்கு இடிக்குது' என்று கேட்டபோது இழுப்பறை என் கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 24, சனி

நேற்று எழுதவில்லை. தலைவலி.

பிளேட் அறையில் பாபு. எனக்கு நான்கு வயது இளையவர், பதினோரு ஆண்டுப் பழக்கம்.

"இன்னாக்கா, மூணு நாளா மூஞ்சி தொங்கிகினு கீது? மாமா ஏதனா சொன்னாரா?"

சொன்னேன். மு. சொன்னதையும் சேர்த்து.

"இதுக்கா இம்மாம் சோகம்? செவ்வாக்கெயம சாயங்காலம் தான் பிளேட் ஏத்துவேன். அதுக்குள்ள புதுப் பேஜக் குடு. பழச எடுத்துப் போட்டுட்டு இத ஏத்திடறேன். யாருக்குத் தெரியப் போவுது? அவரு இன்னா ஒக்காந்து படிக்கவா போறாரு?"

"கேட்டால்?"

"கேட்டா யக்கா குடுத்துச்சு, நான் ஏத்துனேன்பேன். பொய் இல்லியே."

மனம் லேசாயிற்று, உண்மை. ஒருவருக்கும் தெரியாமல் மாறிவிடும். என் கையொப்பத்தை எவரும் தேடமாட்டார்கள். கடிதத்துக்கும் ஒரு பதில் கிட்டிவிடும்: 'புதிய பதிப்பில் ஆவன செய்யப்பட்டுள்ளது என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அந்த வாக்கியத்தை மின்வண்டியில் நான்கு முறை மனத்துள் ஓட்டிப் பார்த்தேன்.

எரிவாயு உருளை பதிவு செய்தாகிவிட்டது. திருகாணி இன்னும் வாங்கவில்லை, கண்ணாடியில் நூல் கட்டியிருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, சோறு வைக்கும் முன்பே உட்கார்ந்தேன். தேனீக்கள் பற்றி ஏழு புதிய வினாக்கள். ஒன்றுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. வினா எழுதுவது இத்தனை கடினம் என்று அறியேன். விடையை அப்படியே பாடத்தில் சுட்டிவிட முடிகிற வினா எளிது. படித்தவர்க்கு மட்டும் விடை தெரிகிற வினா வரவே மாட்டேன் என்கிறது.

ஏஞ்சலிடம் கொடுத்தேன். நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்றேன்.

"ஓப்பன் புக்கா? ஜாலி."

ஐந்து நிமிடத்தில் முகம் மாறியது. பாடத்தை இப்போதுதான் முதல் முறையாகத் தானே படிக்கிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் வைத்து. வாய் அசைகிறது, புருவம் சுருங்குகிறது. முக்கால் மணி நேரம். ஏழில் மூன்று சரி.

"பழசுல ஏழு வந்துச்சு. உன்னுதுல மூணுதான் வருது. உன் கொஸ்டின் மோசம்."

அழுதாள். பேப்பரைக் கிழிக்கப் பார்த்தாள், நான் பிடுங்கினேன். அவர் உள்ளே வந்து, "ஞாயித்துக்கெயம கூடவா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவளை வெளியே அழைத்துப் போனார். ஐஸ்கிரீமோடு வந்தாள்.

என்னோடு பேச்சில்லை. சாப்பிடும்போது மட்டும், தட்டைப் பார்த்துக்கொண்டு: "மம்மி, வேலக்காரத் தேனீ எல்லாம் பொண்ணாமே. அப்போ பையன் தேனீ சும்மாவே இருக்குமா?"

என் ஏழு வினாக்களில் இது இல்லை. கையேட்டிலும் இருக்க வழியில்லை. பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். "உனக்கே தெரியாதா!" என்று சிரித்தாள். பேச்சு வந்துவிட்டது.

அவளுடைய கேள்வியை எட்டாவதாகச் சேர்க்கலாமா? ஏழுக்கு மேல் பக்கத்தில் இடமில்லை. ஆறாவதை எடுத்துவிட்டு அங்கே இதை வைத்தேன்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. ஏஞ்சல் கொடியேற்றம் முடிந்து மிட்டாயுடன் வந்தாள். துணி துவைத்தேன். இருப்புக்கொள்ளவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடை.

துணி பிழியும்போது உறைத்தது. விடைக் கையேடு! வியாழனன்று மு.விடம் நானே கேட்ட திருத்தத் தாள், பாபுவின் யோசனையில் மறந்தே போயிற்று. புதிய ஆண்டுக்கான கையேடு பொங்கலுக்கு முன்பே அச்சாகி, கட்டுக்கட்டாகக் கிடங்கில் கிடக்கிறது. பாபுவும் நானும் ரகசியமாகப் ப. 32ஐ மாற்றினால், பாடம் தேனீ, வினா தேனீ, விடை மட்டும் படகோட்டி. ஆசிரியை எதை எழுதிப் போடுவார்? கையேட்டில் உள்ளதைத்தான். வேலைக்காரத் தேனீக்கள் என்ன செய்யும் என்ற வினாவுக்கு, உதவியை விற்கக் கூடாது என்று அவர் நம்பினார் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அதற்கும் மதிப்பெண் விழும்.

ஒளித்துத் திருத்த முடியாத பிழை இது. திருத்தத் தாள் இல்லாமல் ஆகாது. திருத்தத் தாள் மு. இல்லாமல் ஆகாது.

இன்னொன்று. என் பெயர் கெடாமலிருக்க எது வழியோ அதையே சனிக்கிழமை முதல் தேடியிருக்கிறேன். பிள்ளைகளை நினைத்துச் செய்வதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

காலை 9.40. மு. வந்ததும் உள்ளே சென்றேன். குறிப்புத் தாள் எடுத்துச் செல்லவில்லை. மேசைமேல் இரண்டை வைத்தேன்: பழைய மெய்ப்புத் தாள், ஆசிரியையின் கடிதம்.

மு. முதலில் பச்சைக் கையொப்பத்தைப் பார்த்தார். தாளைக் கவிழ்த்து வைத்தார். "இத நான் பாக்கல. நீயும் காட்டல. எடுத்துட்டுப் போ."

"பார்க்க வேண்டும் சார். பிழை என்னுடையது."

"எல்லாருக்கும்தான் பிழை. எழுதினவருக்கு இல்லையா? எனக்கு இல்லையா?" பிறகு கடிதம். மெதுவாகப் படித்தார். தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நவம்பர்ல வந்திருக்கு."

"ஆமாம் சார். இழுப்பறையில் வைத்திருந்தேன். பயத்தினால்."

"அன்னிக்குக் கேட்டேனே, போன் வந்துச்சான்னு."

"போன்தான் வரவில்லை என்றேன். கடிதம் வந்ததைச் சொல்லவில்லை."

கடிதத்தை மடித்தார், மீண்டும் பிரித்தார். இந்த அச்சகத்தில் அவர் முகம் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசியில்: "ஒரே ஒரு டீச்சர். அதுவும் புதுசு. இத வெச்சு நான் கையேட்டுக் கட்டு எல்லாம் பிரிச்சு ஸ்லிப் வெச்சா, மத்த ஸ்கூல்ல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது? எங்க புரூஃப் ரீடரம்மா ஆசைப்பட்டாங்கன்னா?" கடிதத்தைத் தட்டினார். "ஒரு ஸ்கூல் கேட்டுச்சுன்னு இருக்கணும். ஸ்கூல் தாள்ல, ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்தோட ரெண்டு வரி வாங்கிட்டு வா. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாபுவ நிறுத்தச் சொல்றேன். அதுக்கு மேல மெஷின் காலியா நிக்காது."

நன்றி கூறினேன். எழுந்தபோது, "மேரி" என்றார். திரும்பினேன். "இனிமே தபால் நேரா என் டேபிளுக்கு வரட்டும்."

சரி என்றேன். அந்த ஒரு வரி மாலை வரை நெஞ்சில் கிடந்தது. இப்போதும்.

பாபு: "யக்கா, வேலைக்கு ஒண்ணும் ஆவலியே? அப்போ சரி. லெட்டரு மட்டும் வாங்கினு வந்துடு, நான் உயிர விட்டாவது ஏத்திடறேன்."

வேறு ஒரு கவலை இப்போது. 'கையேட்டில் உள்ளதை எழுதிப் போடுங்கள்' என்று சொன்ன அதே தலைமையாசிரியையிடம், பணிக்குப் புதியவர் சென்று, நீங்கள் சொன்னது பிழை என்று கையொப்பம் கேட்க வேண்டும். என் பிழைக்காக அவர் வேலையைப் பணயம் வைக்கச் சொல்கிறேன். கேட்பது முறையா? கேட்காமலிருப்பது?

அவர் கடிதத்தில் தொலைபேசி எண் இல்லை. தபாலுக்கு நேரமில்லை. நேரில்தான்.

ஜனவரி 28, புதன்

அரை நாள் விடுப்பு. ஆவடியிலிருந்து பகிர்வு ஆட்டோ. விமானப்படை மதில் ஓரமாக நெடுந்தொலைவு. பள்ளி சிறியது, பச்சை கேட். பிரார்த்தனை முடிந்து வகுப்பு தொடங்கிவிட்டிருந்தது.

கேட்டில் ஆயா. "இன்னாம்மா, அட்மிசனா? அதெல்லாம் மார்ச்சுலதான்."

கலைவாணி டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"கிளாஸ்ல கீறாங்க. நடுவுல கூப்ட்டா பெரிய மிஸ்ஸு கத்துவாங்க. எதுனா குடுக்கணும்னா குடு, நான் கொண்டு போய்க் குடுக்கறேன். நீ அப்டி அந்த வேப்ப மரத்தாண்ட நில்லு, வெயில் ஏறுது."

கையில் இருந்தது விடியற்காலையில் எழுதிய கடிதம். 'பெருமதிப்பிற்குரிய', 'சமூகத்திற்கு', 'மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' யாவும் உள்ளவாறு இரண்டு பக்கம், அதனுடன் புதிய வினாத் தாள். உறையைக் கொடுக்கக் கை நீட்டியவள் திரும்ப இழுத்துக்கொண்டேன். படித்து முடிக்கவே பாதி வகுப்பு போய்விடும். இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் பிழை யாருடையது என்று வருகிறது.

ஆயாவிடமே ஒரு தாள் வாங்கினேன், ஏதோ நோட்டிலிருந்து கிழித்தது. மதில்மேல் வைத்து எழுதினேன். இந்த நகல், ஆயா அதை உள்ளே கொண்டுபோன பிறகு, வேப்ப மரத்தடியில் காத்திருந்தபடி, நினைவிலிருந்து:

"கலைவாணி டீச்சருக்கு வணக்கம். பாடநூல் அச்சகத்திலிருந்து ஆரோக்கியமேரி. இவ்வளவு தாமதத்துக்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் கடிதம் நவம்பரிலேயே வந்தது. நான்தான் மறைத்து வைத்தேன். அந்தப் பக்கத்தைச் சரியென்று கையெழுத்துப் போட்டது நான். நீங்கள் கண்டுபிடித்தது சரி. படகோட்டி பழைய பாடத்தில் இருந்தவர். நடத்த வேண்டியது தேனீ. புதுக் கேள்விகள் இத்துடன். பள்ளித் தாளில், உங்கள் தலைமையாசிரியை கையெழுத்துடன், மாற்றித் தாருங்கள் என்று இரண்டு வரி இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் அச்சில் மாறிவிடும். அவரிடம் கேட்பது உங்களுக்குக் கஷ்டம். தெரிந்துதான் கேட்கிறேன். நான் உள்ளே வந்து, பிழை என்னுடையது, இந்த டீச்சருடையது இல்லை என்று அவரிடமே சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், உங்கள்மேல் வருத்தமில்லை. கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."